ஆச்சிக்குக் கால் வழங்காமப் போறதும் முத்தத்துப் புகையும்: வீட்டில நாங்கள் என்ன செய்யலாம்

கிணத்தடிக்குப் போய் வர முந்தின மாதிரி ஏலுதில்லை, ரெண்டு படி ஏறினா மூச்சு வாங்குது, கதிரையில இருந்து எழும்ப ஆராவது கை குடுக்க வேண்டிக் கிடக்கு, இதுகளுக்கெல்லாம் எங்கட ஆக்களிட்ட ஒரே ஒரு மறுமொழிதான் இருக்கு, "வயசு போட்டுது, இனி உப்பிடித்தான்". வயசு போறது உண்மைதான். ஆனா எழுபத்தஞ்சு வயசில தோட்டத்துக்குத் தண்ணி மாறுற அப்புவும் இருக்கிறார், அறுபத்தெட்டில கட்டிலை விட்டு இறங்க ஏலாத அப்புவும் இருக்கிறார், ரெண்டு பேருக்கும் இடையில என்ன வித்தியாசம் எண்டு பாத்தா சீனி, பிரஷர், எப்பவோ விழுந்தது, சாப்பாடு எண்டு கன விசயம் வரும், அந்த வரிசையில ஆரும் சேக்காத ஒண்டு அவை இவ்வளவு காலமும் இழுத்த புகை.

"காத்து மாசு கொழும்பில, டெல்லியிலதானே, இஞ்ச யாழ்ப்பாணத்தில வேப்பங்காத்து" எண்டு சொல்லுற ஆக்கள் விடிய ஆறு மணிக்கு எந்த ஒழுங்கையிலயாவது ஒருக்கா நடந்து பாருங்கோ. வேலி வேலியாப் புகை நிக்கும்.

முதல்ல இது எப்பிடிக் காலுக்கு வருது எண்டு கொஞ்சம் சொல்லவேணும், ஏனெண்டா நெஞ்சுக்குப் புகை கூடாது எண்டு எல்லாருக்கும் தெரியும், காலுக்கு என்ன சம்பந்தம் எண்டுதான் கேப்பினம். புகையில கண்ணுக்குத் தெரியாத தூள் இருக்கு, பிஎம் 2.5 எண்டு சொல்லுறது, தலைமயிரின்ர தடிப்பில முப்பதில ஒரு பங்கு கூட வராது. பெரிய தூசு மூக்கிலயும் தொண்டையிலயும் பிடிபட்டுச் சளியா வெளிய வந்திடும், இது நேரா நுரையீரலின்ர அடிவரை போய் அங்க புண் மாதிரி ஒரு அழற்சியைக் கிளப்பும், அதில ஒரு பகுதி ரத்தத்துக்கும் போகும். அதால ரத்தக் குழாய் பழுதாகி மாரடைப்பு, பாரிசவாதம் வாற சான்ஸ் கூடுது, பாரிசவாதம் வந்தா கை கால் என்னாகும் எண்டு நான் சொல்லத் தேவையில்லை. அதை விடச் சத்தமில்லாமல் நடக்கிறது மற்றது: மூச்சு முட்டுறதால மனுசன் நடக்கிறதைக் குறைக்கும், நடை குறைய தொடைத் தசை கரையும், தசை கரைஞ்ச கால் அதே தூரம் நடக்கக் கூட மூச்சுக் கேக்கும், அப்ப இன்னும் நடை குறையும். இப்பிடிச் சுத்திச் சுத்தி ஒருநாள் கக்கூசுக்குப் போகவே ஆள் பிடிக்கவேண்டி வந்திடும்.

சிக்காகோவில 65 வயசும் அதுக்கு மேலயும் உள்ள ஆக்களைக் கன வருஷம் பின்தொடர்ந்து பாத்த ஒரு ஆய்வு 2016இல வெளிவந்தது, வாகனப் புகையில வாற நைதரசன் ஒக்சைட்டு கூடின இடத்தில இருந்த ஆக்களுக்கு உடம்பு ஏலாமப் போற வேகமும் கூடவா இருந்தது எண்டு கண்டவை. சிக்காகோ வேற, சுன்னாகம் வேற, அது சரி. ஆனா நுரையீரல் ஒரே சாமான்தான்.

உலக சுகாதார நிறுவனம் 2021இல சொன்ன அளவு, பிஎம் 2.5 வருஷச் சராசரி ஒரு கன மீற்றருக்கு 5 மைக்ரோகிராமுக்கு மேல போகக்கூடாது, ஒரு நாளுக்கு 15. இலங்கைச் சட்டத்தில 2008ஆம் ஆண்டு போட்ட அளவு வருஷத்துக்கு 25, நாளுக்கு 50. அதால "சட்டத்துக்குள்ளதான் இருக்கு" எண்டு ஆரும் சொன்னா அது ஆச்சின்ர நெஞ்சுக்கு நல்லது எண்டு அர்த்தம் இல்லை.

சரி, வேலைக்கு வருவம்.

வளவுக்கை துவங்குங்கோ

ரோட்டில போற டிப்பரை உங்களால நிப்பாட்ட ஏலாது, இந்தியாவில இருந்து வாற புகையையும் நிப்பாட்ட ஏலாது, உங்கட முத்தத்தில எரியிறதை நிப்பாட்டலாம். கன பேர் இதை விட்டுட்டு எயார் பியூரிபயர் என்ன விலை எண்டு கேக்கினம், அது பேந்து பாப்பம்.

விடிய எழும்பி முத்தம் கூட்டுறது நல்ல பழக்கம், கூட்டின குப்பையை அந்த இடத்திலயே குவிச்சு நெருப்பு வைக்கிறதுதான் வில்லங்கம். அந்தக் குவியலைக் கிட்ட நிண்டு பாருங்கோ. மேல மாவிலை, முருங்கைச் சருகு, அதுக்குக் கீழ பிஸ்கற் பைக்கற், பால்மாப் பை, லஞ்ச் சீற், சொப்பிங் பை, சில வீட்டில பம்பர்ஸ். முதல்நாள் பனியில இலை ஈரம், அதால பத்தாது, புகைஞ்சு கொண்டே இருக்கும், பத்தவேணும் எண்டு ஒரு சொப்பிங் பையைச் செருகுவினம். விடியப்புறம் நிலத்தோட இருக்கிற காத்துக் குளிர், அதுக்கு மேல இருக்கிறது சூடு, அதால புகை மேல எழும்பாமல் வேலி உயரத்திலயே பரவி அப்பிடியே விறாந்தைக்கு வரும். விறாந்தையில ஆர் இருக்கினம்? தேத்தண்ணிக் கோப்பையோட ஆச்சி.

செய்ய வேண்டியது பெரிய வேலை இல்லை. இலை குழையை எரிக்காதேங்கோ, வளவுக்கு ஒரு மூலையில கிடங்கு வெட்டிப் புதையுங்கோ, தென்னைக்கும் வாழைக்கும் அடியில போட்டு மண் மூடுங்கோ, எங்கட ஆக்கள் அந்தக் காலத்தில பனையோலையைத் தோட்டத்தில தாட்டுத்தான் மண்ணைக் கட்டிக் காத்தவை, இது புதுப் புத்தி இல்லை. பிளாஸ்ரிக்கைத் தனியக் கட்டி வையுங்கோ, பிரதேச சபை மாநகர சபை வண்டி வாற நாள் குடுங்கோ. வண்டி ஒழுங்கா வாறேல்லை எண்டு சொல்லுவியள், சில ஒழுங்கையளுக்கு அது உண்மைதான், ஆனா கழுவிக் காயவைச்ச பிளாஸ்ரிக் பாக்கில கிடந்தா மணக்காது, ரெண்டு கிழமை கிடக்கலாம். கூட்டுறதுக்கு முதல் கொஞ்சம் தண்ணி தெளிச்சிட்டுக் கூட்டினா தூசும் எழும்பாது. வீட்டுக்குள்ள தும்புத்தடியால அடிச்சுக் கூட்டுறதை விட ஈரத்துணியால துடைக்கிறது நல்லம், அதுவும் முதியவர் அந்த அறையில இல்லாத நேரம்.

பக்கத்து வீட்டுப் புகைக்கு என்ன செய்யிறது எண்டது பெரிய கேள்வி. நான் சொல்லுறது, சண்டைக்குப் போகாதேங்கோ, வேலிக்கு மேலால கத்தினா அடுத்த நாள் கூடக் கொளுத்துவினம். பின்னேரம் போய் இருந்து கதையுங்கோ, "அக்கா, அம்மாவுக்கு மூச்சு முட்டுக் கூடிப்போச்சு, டொக்டர் புகை ஆகாது எண்டிட்டார், விடியக் கொளுத்திறதை ஒருக்கா நிப்பாட்டிப் பாருங்கோவன், எங்கட கிடங்கிலயே கொண்டுவந்து போடுங்கோ" எண்டு. ஆற்ற பிழை எண்டு கதைக்காமல் அம்மான்ர வருத்தத்தைக் கதைச்சா எங்கட சனம் இரங்கும். பிளாஸ்ரிக், ரயர் எண்டு தொடர்ந்து எரிக்கிற இடம், கடை, வேலைத்தலம் எண்டா அது வேற கதை, படம் எடுத்து திகதியோட உங்கட பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிட்ட (பி.எச்.ஐ.) எழுத்தில குடுங்கோ, வாயால சொன்னது நிக்காது. கல்லுண்டாய்ப் பக்கம் குப்பைமேடு பத்துற நாளில காத்து உங்கட பக்கம் அடிச்சா ஜன்னலைச் சாத்தி ஆளை வீட்டின்ர மற்றப் பக்கத்து அறைக்கு மாத்துறதைத் தவிர உடனடியாச் செய்ய வேற ஒண்டும் இல்லை.

குசினி

2022இல காஸ் இல்லாமல் போனாப்பிறகு அடுப்புக்குத் திரும்பின கன வீடு இன்னும் அடுப்பிலதான் இருக்கு, காஸ் விலையைப் பாத்தா குறை சொல்லவும் ஏலாது. அதோட ஆச்சிமாருக்கு விறகடுப்புச் சோத்தின்ர ருசி வேற. ஆனா கணக்கு என்னெண்டா, வீட்டுக்குள்ள சமையல் புகையால மட்டும் 2020இல உலகத்தில 32 லட்சம் பேர் வரை செத்திருக்கினம் எண்டு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. அம்பது வருஷம் அடுப்பூதின பொம்பிளைக்கு ஒரு சிகரெட்டும் பத்தாமலே சிகரெட் பத்தின மனுசனுக்கு வாற அதே நுரையீரல் வருத்தம் வரலாம். டொக்டரிட்ட போனா "புகை பிடிக்கிறதோ?" எண்டு கேக்க "இல்லை" எண்டு சொல்லிட்டு வந்திடுவினம். நீங்கள் கூடப் போய்ச் சொல்லுங்கோ, "அம்மா கலியாணம் கட்டின நாளில இருந்து விறகடுப்பு".

அடுப்பை விட ஏலாது எண்டா இதுகளைப் பாருங்கோ. விறகு நல்லாக் காஞ்சிருக்க வேணும், சின்னனாக் கொத்தியிருக்க வேணும், பச்சை மட்டையும் மழையில நனைஞ்ச பொச்சும்தான் கூடப் புகை தாறது, மாரிக்கு முதலே கொஞ்ச விறகை கூரைக்குக் கீழ அடுக்கி வைச்சா பாதிப் புகை குறையும். பத்த வைக்கப் பன்னாடை, காவோலை காணும், சொப்பிங் பையும் மண்ணெண்ணையும் வேண்டாம். பயறு, கடலை, உழுந்தை முதல்நாள் ஊறப்போட்டா அவியிற நேரம் பாதி. சட்டிக்கு மூடி போடுங்கோ. புகைக்கூடு இருந்தா அதை வருஷத்துக்கு ஒருக்காவாவது கரி தட்டுங்கோ, கன வீட்டில புகைக்கூடு இருக்கு, ஆனா கரி அடைச்சுப் புகை எல்லாம் திரும்பக் குசினிக்கைதான். சோறு மட்டும் கரண்ட் குக்கரில போட்டாலே அடுப்பு எரியிற நேரத்தில ஒரு பெரிய பங்கு கழிஞ்சிடும்.

இன்னொண்டு, தூள் வறுக்கிற நாள். மிளகாய் வறுக்கேக்க இளம் ஆக்களுக்கே தும்மலும் இருமலும், முட்டு உள்ள ஆளை அண்டைக்கு வீட்டில வைச்சிருக்காதேங்கோ, சகோதரம் வீட்டுக்கு அனுப்புங்கோ, இல்லாட்டி மில்லில குடுத்து வறுத்துத் திரிச்சு எடுங்கோ. "நான் பக்கத்தில நிண்டு பதம் பாக்கவேணும்" எண்டு ஆச்சி நிப்பா. பதம் மகள்மாருக்கும் தெரியும்.

நுளம்புத்திரியும் சாமியறையும்

ராத்திரிக் கட்டிலுக்குக் கீழ நுளம்புத்திரியைக் கொளுத்தி வைச்சுக் கதவையும் சாத்திறது, இதைப் பாக்க எனக்கு நெஞ்சு பதறும். ஒரு நுளம்புத்திரி முழுக்க எரிய வாற நுண்தூள் 75 தொடக்கம் 137 சிகரெட் எரிச்சதுக்குச் சமன் எண்டு 2003இல வந்த ஒரு ஆய்வு அளந்து சொன்னது. அப்பு சிகரெட்டை விட்டு இருபது வருஷம் எண்டு பெருமையாச் சொல்லுவினம், ராத்திரி ராத்திரி இது நடக்குது. நுளம்பு வலை கட்டுங்கோ, ஜன்னலுக்கு நெற் அடியுங்கோ, மின்விசிறியைப் போடுங்கோ. வலை கட்டேக்க ஒரு கவனம், ராத்திரி எழும்பேக்க கால் வலையில சிக்கி விழுந்த ஆக்கள் இருக்கினம், அதால வலையை மெத்தைக்குக் கீழ நல்லாச் செருகி, இறங்குற பக்கத்தை ஒரு கலர் துணி கட்டி அடையாளம் வைச்சு விடுங்கோ. டெங்கு நுளம்பு பகலிலதான் கடிக்கும், அதுக்கு வலை காணாது, தேங்கி நிக்கிற தண்ணியை ஊத்துறதுதான் மருந்து.

சாமியறை விசயம் கொஞ்சம் பாத்துத்தான் கதைக்கவேணும். சாம்பிராணி போடாதேங்கோ எண்டு எழுபத்தெட்டு வயசு மனுசிக்குச் சொன்னா வீட்டில சாப்பாடு கிடையாது. ஜன்னலைத் திறந்து வைச்சு, நிறையப் போடாமல் கொஞ்சமாப் போட்டு, தட்டை வெளி முத்தத்துக்குக் கொண்டுபோய் வைச்சா சரி, விளக்கும் பூவும் போதும் எண்டு கோயில் ஐயரைக் கொண்டு ஒரு வார்த்தை சொல்லுவிச்சா இன்னும் சுகம், நாங்கள் சொல்லி அவை கேக்கிறதில்லை.

வாடைக்காத்துக் காலம்

கார்த்திகை தொடக்கம் தை வரை வாடை அடிக்கிற காலம் யாழ்ப்பாணத்துக் காத்துக்கு வருஷத்தில மோசமான காலம், ஏனெண்டா அந்தக் காத்து இந்தியப் பக்கத்தின்ர புகையையும் தூக்கிக்கொண்டு வருது, இஞ்சத்தைப் புகையும் குளிரில எழும்பாமல் நிக்குது. 2022 மார்கழி மறந்திருக்க மாட்டியள், மாண்டஸ் புயல் நேரம், வானம் முழுக்கச் சாம்பல் நிறம், டிசம்பர் 9ஆம் திகதி அரசாங்கப் பள்ளிக்கூடங்களைப் பூட்டினவை, வடக்குக் கிழக்கில மாடுகளும் குளிரில செத்தது. தென்மேற்குக் காத்தடிக்கிற சோளகக் காலத்தில கடல்காத்து வரும், புகை குறைவு, ஆனா மண் பறக்கும், அது கண்ணுக்கும் மூக்குக்கும்தான் கூடக் கரைச்சல்.

காத்து எவ்வளவு மாசுபட்டிருக்கு எண்டு காட்டுற ஏ.கியூ.ஐ எண்டு ஒரு இலக்கம் இருக்கு, போனில பாக்கலாம், தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனமும் வெளியிடும். 50 வரை நல்லம், 100 வரை பறவாயில்லை, 101 தொடக்கம் 150 எண்டா முதியவர், முட்டுக்காரர், நெஞ்சு வருத்தக்காரர் கவனம், 150க்கு மேல எல்லாருக்கும் கூடாது, 200க்கு மேல ஆச்சியை வெளிய விடவே வேண்டாம். போனில சில ஆப்களில வாற இலக்கம் உங்கட ஊரில மெசின் வைச்சு அளந்ததில்லை, சற்றலைற்றைப் பாத்துக் கணக்குப் போட்டது, அதால இலக்கம் நல்லா இருக்கு எண்டு பக்கத்து வளவுப் புகைக்கை நிக்காதேங்கோ. மூக்கையும் கண்ணையும் நம்புங்கோ.

நடைக்கு நேரம்: "விடிய வெள்ளன நட" எண்டு எல்லாரும் சொல்லுவினம், மாரிக்கு அது சரிவராது, விடியப்புறம்தான் புகை நிலத்தோட நிக்குது. வெயில் ஏறி எட்டரை ஒன்பது மணிக்குப் பிறகு, இல்லாட்டி பின்னேரம் நாலரை போல கூட்டிக்கொண்டு போங்கோ. இடமும் முக்கியம், ஆஸ்பத்திரி வீதியிலயும் காங்கேசன்துறை வீதியிலயும் பஸ்ஸுக்குப் பின்னால நடக்கிறதை விட உள் ஒழுங்கை, கோயில் வீதி, பண்ணைக் கடற்கரைப் பக்கம் நல்லம். ஓட்டோவில கூட்டிக்கொண்டு போறதெண்டா கண்டி வீதிச் சிக்னலில பஸ்ஸுக்குப் பின்னால ஒட்டி நிக்க வேண்டாம் எண்டு ட்ரைவர் தம்பிக்குச் சொல்லுங்கோ.

மாஸ்க் எண்டா என்95 இல்லாட்டி கேஎன்95, முகத்தோட ஒட்டிப் பிடிக்கவேணும். நீல சேர்ஜிக்கல் மாஸ்க் நுண்தூளுக்குப் பெரிசா உதவாது, லேஞ்சியால மூக்கைப் பொத்துறது மனத் திருப்திக்கு மட்டும். மூச்சு ஏற்கனவே கஷ்டமான ஆளுக்கு இறுக்கமான மாஸ்க் இன்னும் மூச்சைத் திணறப் பண்ணும், அவையை டொக்டரிட்டக் கேட்டுட்டுப் போடுங்கோ, மாஸ்க்கோட நடக்கச் சொல்லி வற்புறுத்த வேண்டாம்.

படுக்க விடாதேங்கோ

இதுதான் நான் கூடச் சொல்ல நினைக்கிறது. காத்துக் கூடாது எண்டு கேள்விப்பட்டதும் பாசத்தில நாங்கள் செய்யிற முதல் வேலை ஆளைக் கட்டிலில இருத்திறது, "நீங்கள் இருங்கோ அம்மா, நான் எடுத்துத் தாறன்". தண்ணி எடுத்துக் குடுத்து, சோறு குழைச்சுக் குடுத்து, செருப்பைக் காலடியில வைச்சு... புகை செய்யிற வேலையை நாங்கள் மிச்சம் விடாமல் முடிச்சு வைக்கிறம். நல்ல சுகமா இருந்த முதியவர்களைப் பத்து நாள் கட்டிலில வைச்சுப் பாத்த ஒரு ஆய்வில கால் தசை மட்டும் ஒரு கிலோவுக்குக் கிட்டக் குறைஞ்சது. பத்தே நாள்.

முதல்ல ஆள் எந்த நிலையில இருக்கு எண்டு பாருங்கோ. கை வைக்கிற பிடி இல்லாத நேர்க் கதிரையைச் சுவரோட சாத்தி வைச்சு, கையை நெஞ்சில குறுக்காக் கட்டச் சொல்லி, 30 செக்கனில எத்தினை தரம் முழுசா எழும்பி இருக்கினம் எண்டு எண்ணுங்கோ. 70 தொடக்கம் 79 வயசுப் பொம்பிளையளுக்கு 10 தரத்துக்குக் குறைவு எண்டா கால் பலம் காணாது, விழுற ஆபத்து இருக்கு, ஆம்பிளையளுக்கு 70 தொடக்கம் 74 எண்டா 12, 75 தொடக்கம் 79 எண்டா 11. கையை ஊண்டாமல் ஒருக்காக் கூட எழும்ப ஏலேல்லை எண்டா அதுவும் ஒரு விடைதான், எழுதி வையுங்கோ. மற்றது, கதிரையில இருந்து எழும்பி மூண்டு மீற்றர் நடந்து திரும்பி வந்து இருக்க 12 செக்கன் அல்லது அதுக்கு மேல எடுத்தாலும் அதே எச்சரிக்கை. பக்கத்தில ஒராள் நிண்டுதான் இதுகளைச் செய்யவேணும்.

பேந்து பயிற்சி. ஜிம் ஒண்டும் தேவையில்லை. அதே கதிரையில இருந்து எழும்பி இருக்கிறது, முதல் அஞ்சு தரம், ஏலுமெண்டா இளைப்பாறித் திரும்ப அஞ்சு. ஜன்னல் கம்பியைப் பிடிச்சுக்கொண்டு குதிக்காலை உயத்தி இறக்கிறது. அதே கம்பியைப் பிடிச்சு ஒத்தைக் காலில கொஞ்ச நேரம் நிக்கிறது. கிழமையில மூண்டு நாளாவது பலத்துக்கும் சமநிலைக்கும் வேலை குடுக்கச் சொல்லுது உலக சுகாதார நிறுவனம், அதை விட நடை கிழமைக்கு 150 நிமிசம், அது ஒரேயடியாத் தேவையில்லை, ஏலுமான அளவில துவங்கினா போதும். வெளிக்காத்துக் கூடாத நாளில விறாந்தையில இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடக்கட்டும், நல்ல பாட்டைப் போட்டு விடுங்கோ.

பயிற்சி எண்ட பேரில செய்யிறதுக்கு எங்கட ஆக்களுக்கு வெக்கம், "இந்த வயசில எனக்கென்ன உடற்பயிற்சி" எண்டு முகத்தைத் திருப்புவினம். அப்ப வேலை குடுங்கோ. பூ பிடுங்கட்டும், கோழிக்குத் தீன் போடட்டும், காஞ்ச உடுப்பை ஒவ்வொண்டா எடுத்து வரட்டும், வெங்காயம் உரிக்கிறதை இருந்து செய்து முடிச்சிட்டு அவவே எழும்பிக் கொண்டுபோய் வைக்கட்டும். ஒரு உடுப்புக்கு ஒரு நடை எண்டு பத்து உடுப்புக்குப் பத்து நடை. நேரம் போகும், உங்களுக்குப் பொறுமை வேணும், அதுதான் கஷ்டம்.

நடக்கேக்க மூச்சு வாங்கினா பயந்து படுக்க வேண்டாம். நிண்டு, சுவரிலயோ மேசையிலயோ கையை ஊண்டி முன்னுக்குக் கொஞ்சம் சாய்ஞ்சு, மூக்கால ரெண்டு எண்ணுமட்டும் இழுத்து, விளக்கை மெல்ல ஊதுற மாதிரி உதட்டைக் குவிச்சு நாலு எண்ணுமட்டும் விடச் சொல்லுங்கோ. கதைக்க ஏலுமான மூச்சு வாங்கல் பிரச்சினை இல்லை, கதைக்க ஏலாத மூச்சு வாங்கல் எண்டா நிப்பாட்டவேணும்.

சாப்பாட்டில தசைக்குச் சத்து வேணும், கன ஆச்சிமார் ராத்திரிக்கு ரெண்டு பிஸ்கற்றும் தேத்தண்ணியும். முட்டை, சூடை மீன், பருப்பு, பயறு ஏதாவது ஒண்டு நேரத்துக்கு நேரம் கோப்பையில இருக்கட்டும், சிறுநீரக வருத்தம் உள்ளவை மட்டும் அளவைக் கிளினிக்கில கேளுங்கோ.

மருந்தும் அவசரமும்

முட்டுக்குப் பம் (அமத்தி வாயால இழுக்கிற மருந்து) குடுத்திருப்பினம், இல்லாட்டி கப்சூல் போட்டு இழுக்கிறது. கை விரல் வாதத்தில மடங்காத ஆளுக்குப் பம்மை அமத்த வராது, இழுவை குறைஞ்ச ஆளுக்குக் கப்சூல் தூள் உள்ளுக்குப் போகாது, வாயிலயே நிண்டிடும், மருந்து வேலை செய்யேல்லை எண்டு கூட்டிக் கூட்டி எழுதுவினம். கிளினிக்குக்குப் போற நேரம் நேர்ஸுக்கு முன்னால ஒருக்கா இழுத்துக் காட்டச் சொல்லுங்கோ, பம்மோட பூட்டி ஆறுதலா இழுக்கிற குழாய், ஸ்பேசர் எண்டு சொல்லுறது, அதைக் கேளுங்கோ, ஸ்ரீரோயிட் மருந்தெண்டா இழுத்தாப்பிறகு வாய் கொப்புளிக்க வேணும்.

ஒரு வசனத்தைச் சொல்லி முடிக்க ஏலாமல் மூச்சு வாங்கினா, உதடு நீலம் பாரிச்சா, ஆள் மாறாட்டமாக் கதைச்சா, நெஞ்சு நொந்தா, முகம் ஒரு பக்கம் கோணி, ஒரு கை விழுந்து, கதை குளறினா, 1990 அம்புலன்சுக்கு அடியுங்கோ, காசில்லை. பாரிசவாதத்தில ரத்தக் கட்டியைக் கரைக்கிற மருந்தை வருத்தம் துவங்கி நாலரை மணித்தியாலத்துக்குள்ளதான் குடுக்கலாம், "கொஞ்சம் பாத்துட்டுப் போவம்", "எண்ணெய் பூசிப் பாப்பம்" எண்டு விட்டா அந்த நேரம் போயிடும். எத்தினை மணிக்குத் துவங்கினது எண்டதைக் கட்டாயம் சொல்லுங்கோ.

வெளிநாட்டில இருக்கிற பிள்ளையளுக்கு

கனடாவில, லண்டனில இருந்து "அம்மாவுக்கு என்ன வாங்கி அனுப்ப?" எண்டு கேக்கிற ஆக்களுக்கு என்ர வரிசை இது, கோவிச்சாலும் பறவாயில்லை. முதல் காசு கக்கூசுக்கு: பின்வளவில குந்தியிருக்கிற கக்கூஸ் எண்டா அறைக்குப் பக்கத்தில கொமட் வைச்சு, எழும்பப் பிடிக்கக் கம்பி போட்டு, வழுக்காத ரைல்ஸ் போட்டு, கட்டிலில இருந்து அங்க வரைக்கும் ராத்திரி ஒரு சின்ன லைற் எரிய விடுங்கோ. மூச்சு வாங்கிற ஆள் அவசரப்பட்டு இருட்டில ஓடித்தான் விழுறது, இடுப்பெலும்பு உடைஞ்சா பேந்து கதை வேற. ரெண்டாவது குசினி, காஸோ கரண்ட் அடுப்போ புதுப் புகைக்கூடோ, வீட்டுக்கு எது சரிவருமோ அது. மூண்டாவது, சளிக்காய்ச்சல் தடுப்பூசியும் நியூமோனியாத் தடுப்பூசியும் பற்றி டொக்டரிட்டக் கேட்டுப் போட்டு விடுறது.

எயார் பியூரிபயர் கடைசி. அதுவும் வாங்கிறதெண்டா நுண்தூளைப் பிடிக்கிற ஹெப்பா பில்ரர் உள்ளது, ஆள் படுக்கிற அறையின்ர அளவுக்குக் காணக்கூடியது, ஓசோன் விடுற வகை வேண்டவே வேண்டாம், அது நெஞ்சுக்கு இன்னும் கூடாது. பெட்டி அனுப்பேக்க மாத்துறதுக்கு ரெண்டு பில்ரரும் சேத்து அனுப்புங்கோ, இஞ்ச அந்த மொடலுக்குப் பில்ரர் தேடிக் கிடைக்காமல் மூலையில துணி போட்டு மூடி வைச்சிருக்கிற மெசின் கன வீட்டில கிடக்கு.